மறைக்கப்பட்ட குறியீட்டெண்: வெனிசுவேலா குறித்து இடதுசாரித் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் நீங்கள் நடத்திய ஒருமைப்பாட்டுக் கருத்தரங்கில் கடைசி வரிசையில் நானும் இருந்தேன். தீர்மானத்தின் நகலைக் கையில் கொடுத்தார்கள். வெனிசுவேலாவில் பணம் செல்லாக்காசாகிப் போனதற்கும் மக்கள் பட்டினி கிடந்ததற்கும் அதில் ஒரே ஒரு காரணம்தான் எழுதியிருந்தது: அமெரிக்கப் பொருளாதாரத் தடை. கையுயர்த்தச் சொன்னபோது என் கை எழவில்லை. பக்கத்திலிருந்த தோழர் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடம் என்னோடு ஊர்வலம் வந்தவர். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சங்கத்தின் கிளைச் செயலாளராகவும் இருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எங்கள் பஞ்சப்படி மாறும். சிம்லாவில் இருக்கும் தொழிலாளர் பணியகம் கணக்கெடுத்து வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்தான் அதற்கு அடிப்படை. அந்த எண் வந்ததும், எத்தனை புள்ளி ஏறியிருக்கிறது என்று சங்க அறையின் கரும்பலகையில் எழுதிப் போடுவது என் வேலை. அரிசி, பருப்பு, எண்ணெய் விலை ஏறினால் எண் ஏறும். எண் ஏறினால் சம்பளம் ஏறும். எண்ணைக் குறைத்துக் காட்டுகிறார்களோ என்ற சந்தேகம் வந்தாலே நாம் தெருவில் இறங்கியிருக்கிறோம். அதனால் வெனிசுவேலாவைப் பற்றிப் பேச நான் அந்த எண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

வெனிசுவேலாவின் மத்திய வங்கி 2016 தொடக்கத்தில் விலைவாசிப் புள்ளிவிவரத்தை வெளியிடுவதை நிறுத்தியது. மூன்று வருடத்துக்கு மேல் மௌனம். 2019 மே மாதக் கடைசியில் ஒரு நாள் எல்லாவற்றையும் சேர்த்து வெளியிட்டது. 2016-க்கு 274 விழுக்காடு. 2017-க்கு 863. 2018-க்கு 1,30,060 விழுக்காடு. வருடத் தொடக்கத்தில் பத்து ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கு வருட முடிவில் பதின்மூன்றாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றால் எப்படியிருக்குமோ, அப்படி. இதை எதிர்க்கட்சி சொல்லவில்லை. அரசின் சொந்த மத்திய வங்கி எழுதிக் கொடுத்த கணக்கு இது. (ஐ.எம்.எஃப். எனப்படும் பன்னாட்டு நிதியத்தின் அப்போதைய கணிப்பு இதைவிடப் பல மடங்கு அதிகம், அதை நான் எடுத்துக்கொள்ளவே இல்லை.)

அந்த மூன்று வருடங்களில் ஒரு வெனிசுவேலாத் தொழிலாளி பஞ்சப்படி கேட்கப் போனால் எந்த எண்ணைக் காட்டிக் கேட்டிருப்பார்? இந்த ஒரு கேள்வியை உங்கள் தீர்மானம் எங்குமே கேட்கவில்லை.

வெனிசுவேலாவின் அதிபராக இருந்த ஊகோ சாவேஸை நான் வெறுத்தவன் இல்லை. 2005 மார்ச்சில் அவர் கொல்கத்தாவுக்கு வந்தபோது, பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி அதே கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியவன் நான்தான். அவர் எங்கிருந்து எழுந்து வந்தார் என்பதும் தெரியும். 1989 பிப்ரவரியில், பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகளை ஏற்ற அரசு பெட்ரோல் விலையை ஏற்றியது, பஸ் கட்டணமும் ஏறியது, தலைநகர் கராகஸ் கொந்தளித்தது. ராணுவம் சுட்டதில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அந்த ரத்தத்துக்குப் பதில் சொல்லத்தான் மக்கள் அவரை 1998 டிசம்பரில் தேர்ந்தெடுத்தார்கள். குன்றுச் சரிவுகளில் இருக்கும் குடிசைப் பகுதிகளுக்குக் கியூபா மருத்துவர்கள் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாடம் படித்தார்கள். ஏழைகளின் விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இவை எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் அத்தனையும் நின்றது எண்ணெய்ப் பீப்பாயின் மேல். அவர் பதவிக்கு வரும்போது பீப்பாய் பத்து டாலரைச் சுற்றி இருந்தது. 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்டது. 2011-லிருந்து 2014 நடுப்பகுதி வரை நூறு டாலருக்குப் பக்கத்திலேயே நின்றது. வெனிசுவேலாவின் ஏற்றுமதி வருமானத்தில் 95 விழுக்காடு எண்ணெய். இப்படி ஒரு வருமானம் வரும் வீட்டில் நம் அம்மாக்கள் என்ன செய்திருப்பார்கள்? கெட்ட காலத்துக்கு என்று ஒரு பங்கை எடுத்து வைத்திருப்பார்கள். அப்படி எடுத்து வைக்க அங்கே ஒரு நிதியமும் இருந்தது. அதைக் காலியாக விட்டார்கள். மத்திய வங்கிச் சட்டத்தைத் திருத்தி, கையிருப்பில் ‘உபரி’ என்று சொன்னதை அரசுச் செலவுக்கு எடுத்தார்கள். சீனாவிடம், வரப்போகும் எண்ணெயை ஈடு வைத்துக் கடனும் வாங்கினார்கள். விலை ஏறி நிற்கும்போதே கடன் வாங்கியவர்கள், விலை இறங்கினால் என்ன செய்வார்கள்?

உற்பத்தியும் அடி வாங்கியிருந்தது. 2002 டிசம்பரில் தொடங்கிய எண்ணெய் வேலைநிறுத்தம் சாவேஸைக் கவிழ்க்க நடந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது முடிந்த கையோடு அரசு எண்ணெய் நிறுவனமான பெதெவெசாவிலிருந்து 18,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். பொறியாளர், புவியியலாளர், கிணற்றின் நாடி தெரிந்த மேஸ்திரி எல்லாரும் போனார்கள். 2010-ல் அக்ரோயிஸ்லேன்யா என்ற நிறுவனத்தை அரசுடைமையாக்கினார்கள். விதை, உரம், பூச்சிமருந்து, கடன் என்று விவசாயிக்கு எல்லாம் தந்துகொண்டிருந்த நிறுவனம் அது. பெயர் மாறியது. கொஞ்ச காலத்தில் விதையும் உரமும் கிடைக்காமல் விவசாயி அலைய வேண்டியிருந்தது. அரசுடைமை தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். நான் வேலை பார்த்த வங்கியே அரசுடைமையாக்கப்பட்டதுதான். எடுத்துக்கொண்ட பிறகு கதவைத் திறந்து, சரக்கு வாங்கி, கணக்கெழுதி நடத்த வேண்டும் என்கிறேன்.

இனி டாலர் கதை. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

2003 பிப்ரவரியில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். டாலர் வேண்டும் என்றால் அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும், அரசு நிர்ணயித்த விலைக்குத் தரும். மூலதனம் தப்பி ஓடாமல் தடுக்க என்றார்கள். நியாயமான நோக்கம்தான். ஆனால் தற்காலிகம் என்று தொடங்கியது பத்து வருடத்துக்கும் மேல் நீடித்தது. 2013-ல் அரசு விலை டாலருக்கு 6.30 பொலிவார் (அதுதான் அந்நாட்டு நாணயம்). 2014 முடியும் தறுவாயில் கறுப்புச் சந்தையில் 100-ஐத் தாண்டிவிட்டது. உணவும் மருந்தும் இறக்குமதி செய்கிறேன் என்று ஒரு தாளில் முத்திரை வாங்கிவிட்டால் போதும், 6.30-க்கு டாலர் வாங்கித் தெருவில் நூறுக்கு விற்கலாம். சரக்கே வர வேண்டாம், காலிக் கன்டெய்னர் வந்தாலும் போதும். பெயர்ப்பலகை மட்டும் உள்ள போலிக் கம்பெனிகளுக்கு ஒரே வருடத்தில் சுமார் 2,000 கோடி டாலர் போயிருக்கலாம் என்று 2013-ல் சொன்னவர் யார் தெரியுமா? சாவேஸின் திட்ட அமைச்சராகப் பல வருடம் இருந்த மார்க்சியர் ஹோர்ஹே ஜியோர்தானி. அடுத்த வருடம் அவரைப் பதவியிலிருந்து அகற்றினார்கள். கொள்ளையடித்தவர்களில் பெரிய தலைகள் வெளியேதான் இருந்தன.

எண்ணெய் விலை 2014 பின்பாதியில் சரிந்து, 2016 தொடக்கத்தில் முப்பது டாலருக்கும் கீழே போனது. அரசின் பை காலி. அப்போது செய்ததுதான் அடுத்த பாதகம். அரசுக்கும் பெதெவெசாவுக்கும் விழுந்த பள்ளத்தை மத்திய வங்கி புதுப்பணத்தால் நிரப்பியது. கடையில் சரக்கு குறைந்துகொண்டே போனது, பணம் கூடிக்கொண்டே வந்தது. கட்டுப்பாட்டு விலைக்கு விற்றால் அடக்கத்துக்கே கட்டாது என்று ஆலைகள் மாவரைப்பதைக் குறைத்தன. அங்கே அரேப்பா என்பது நமக்கு இட்லி மாதிரி. அதற்கான சோளமாவுக்கு விடியுமுன்னே வரிசை. அடையாள அட்டையின் கடைசி எண்ணைப் பார்த்து, இன்ன கிழமைதான் நீ கடைக்கு வரலாம் என்றார்கள். வரிசையில் நின்று வாங்கியதைக் கூடுதல் விலைக்கு விற்றுப் பிழைத்தவர்களுக்கு ‘பச்சாக்கேரோ’ என்று பெயர் வந்தது. பச்சாக்கோ என்றால் இலையை வெட்டிச் சுமந்துகொண்டு போகும் பெரிய எறும்பு. அரசு அந்த எறும்புகளைப் பிடித்துக் கைது செய்துகொண்டிருந்தது.

தோழர்களே, அந்த நாட்களில் அரசு தவறாமல் பணம் கொடுத்த ஒரு கூட்டம் உண்டு. வெளிநாட்டுக் கடன்பத்திரக்காரர்கள். 2012-ல் 6,000 கோடி டாலரைத் தாண்டியிருந்த இறக்குமதியை 2016-ல் 2,000 கோடிக்கும் கீழே வெட்டிவிட்டு, வட்டியும் அசலுமாக வால் ஸ்ட்ரீட்டுக்குக் கட்டினார்கள். மருந்தை வெட்டினார்கள், கோதுமையை வெட்டினார்கள், பத்திரக்காரருக்குக் கட்டினார்கள். 2017 நவம்பர் வரை அப்படித்தான். அதே வருடம் மே மாதத்தில் கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனம் 280 கோடி டாலர் முகமதிப்புள்ள பெதெவெசா பத்திரங்களை டாலருக்கு 31 சென்ட் வீதம் வாங்கியது. மக்கள் பட்டினியில் லாபம் பார்க்கும் பத்திரம் என்று விமர்சகர்கள் அதற்குப் ‘பட்டினிப் பத்திரம்’ என்று பெயர் வைத்தார்கள். இதே காரியத்தை ஒரு வலதுசாரி அரசு செய்திருந்தால் நம் சங்கங்கள் என்ன முழக்கம் போட்டிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

2017-ல் மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வில், கேட்கப்பட்டவர்களில் 64 விழுக்காட்டினர் உடல் எடை குறைந்ததாகச் சொன்னார்கள். சராசரி 11 கிலோ. அதே வருடம் மே மாதத்தில், நீண்ட காலம் நிறுத்தி வைத்திருந்த சுகாதாரப் புள்ளிவிவரத்தை சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. 2016-ல் குழந்தை இறப்பு 30 விழுக்காடும், பிரசவத்தில் தாய் இறப்பது 65 விழுக்காடும் கூடியிருந்தன. சில நாட்களிலேயே அமைச்சர் அந்தோனியேத்தா கப்போராலேயைப் பதவி நீக்கினார்கள்.

2016 நவம்பர் 8 இரவு நமக்கு மறக்காது. மறுநாளுக்கு மறுநாள் கவுண்டரைத் திறந்தபோது வரிசை தெருமுனை தாண்டி நின்றது. விரல் நுனி கறுத்து, கண் எரிய, இரவு பத்து மணி வரை நோட்டு எண்ணினோம். ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்த நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை மேசையில் வைத்துவிட்டு, “இது போயிருமா சாமி?” என்று கேட்டதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் அதைக் கண்டித்துக் கூட்டம் போட்டீர்கள். நான் அதில் பேசினேன். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 11-ஆம் தேதி, சாவேஸுக்குப் பின் அதிபரான மதுரோ தொலைக்காட்சியில் தோன்றி 100 பொலிவார் நோட்டு 72 மணி நேரத்தில் செல்லாது என்றார். அன்று அதுதான் நாட்டின் மிகப் பெரிய நோட்டு. தெருவிலே அதன் மதிப்பு இரண்டு மூன்று சென்ட். புழக்கத்திலிருந்த நோட்டுகளில் ஏறக்குறையப் பாதி அதுதான். புது நோட்டுகளோ வந்து சேரவில்லை. சியுதாத் பொலிவார் நகரத்தில் கடைகள் சூறையாடப்பட்டன. கடைசியில் கெடுவைத் தள்ளி வைத்தார்கள், மறுபடியும் தள்ளி வைத்தார்கள். எல்லைக் கடத்தல்காரர்கள் நோட்டைப் பதுக்கினார்கள் என்பதே அரசு சொன்ன காரணம். இங்கே கறுப்புப் பணம், அங்கே கடத்தல் கும்பல். இங்கே நடந்ததை நாம் மக்கள் மீதான தாக்குதல் என்றோம். அங்கே நடந்ததைப் பற்றி அந்த டிசம்பரில் நம்மில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

சில்லறைக் கடைக்காரர்கள் நோட்டை எண்ணுவதை விட்டுத் தராசில் எடை போட்டு வாங்கியதாகச் செய்தி படித்தபோது, ஒரு காசாளனாக என் கை நடுங்கியது. 2018 ஆகஸ்டில் கராகஸில் ஒரு கோழியின் விலை ஒரு கோடியே 46 லட்சம் பொலிவார். கோழிக்குப் பக்கத்தில் நோட்டுக்கட்டுகளை அடுக்கி எடுத்த படம் உலகமெங்கும் வந்தது. அந்த மாதம் 20-ஆம் தேதி பணத்திலிருந்து ஐந்து பூஜ்யங்களை வெட்டினார்கள். அதற்கு முன் 2008-ல் மூன்று. 2021 அக்டோபரில் இன்னும் ஆறு. ஆக 14 பூஜ்யங்கள். கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் தொகை எவ்வளவோ, அத்தனை பழைய பொலிவார் சேர்ந்தால் புது பொலிவார் ஒன்று. 2007-ல் ஒரு மின்வாரியத் தொழிலாளி ஓய்வூதியப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருந்தால், விழித்துப் பார்க்கும்போது அங்கே ஒன்றுமே இருக்காது. டாலரில் சேமித்த பணக்காரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூலியைக் காகிதப் பணத்தில் வாங்கியவன் மட்டும் பறிகொடுத்தான்.

அந்தக் கூலியைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும். ஐந்து பூஜ்யம் வெட்டியதோடு சேர்த்துக் குறைந்தபட்சக் கூலியை 60 மடங்கு ஏற்றி 1,800 பொலிவார் ஆக்கினார்கள். சுமார் 30 டாலர். டிசம்பரில் 4,500. ஜனவரியில் 18,000. 2019 ஏப்ரலில் 40,000. எட்டே மாதத்தில் 22 மடங்கு உயர்வு. ஆனால் அந்த நாற்பதாயிரத்தின் மதிப்பு பத்து டாலருக்கும் கீழே. 2018 அக்டோபரில் தொழிலாளர் அமைச்சகம் 2792 என்ற எண்ணிட்ட ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கூட்டுப்பேர ஒப்பந்தங்களில் பல வருடம் போராடிப் பெற்ற ஊதியப் படிநிலைகளை அது தட்டையாக்கியது. அனுபவத்துக்கு, திறமைக்கு, படிப்புக்கு, அபாயமான வேலைக்கு இருந்த வித்தியாசமெல்லாம் கரைந்து, எல்லாரும் குறைந்தபட்சக் கூலியின் பக்கத்தில் வந்து நின்றார்கள். நம் ஊரில் ஒரு நிர்வாகம் இருதரப்பு ஒப்பந்தத்தை ஒரே சுற்றறிக்கையால் குப்பையில் போட்டால் என்ன நடந்திருக்கும்?

ரூபென் கொன்சாலெஸ் என்ற பெயரை உங்கள் கருத்தரங்குகளில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. குவயானா பகுதியில் உள்ள அரசு இரும்புத்தாது நிறுவனத்தின் சங்கத் தலைவர். ஒரு காலத்தில் ஆளுங்கட்சியிலேயே இருந்தவர். கூட்டுப்பேர ஒப்பந்தத்தை மதிக்கச் சொல்லிக் கராகஸில் போராடிவிட்டுத் திரும்பும் வழியில், 2018 நவம்பரில் கைது செய்யப்பட்டார். ராணுவ நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு 9 மாதச் சிறை விதித்தது. 2020 ஆகஸ்ட் கடைசியில் மன்னிப்பு வழங்கி விடுவித்தார்கள். ஒரு தொழிற்சங்கத் தலைவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்திய அரசுக்கு நாம் ஒருமைப்பாடு தெரிவித்துக்கொண்டிருந்தோம். அதே 2018 ஜூனில் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ராணுவ அதிகாரிகளுக்குக் கொடுத்த சம்பள உயர்வை எங்களுக்கும் கொடு என்பதுதான் அவர்கள் கேட்டது.

2022 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி 130 பொலிவார் என்றாக்கினார்கள். அன்று 30 டாலரை ஒட்டி. 2024-லும் அதே 130. மதிப்பு நாலு டாலருக்கும் கீழே. ஓய்வூதியமும் அதே தொகைதான். பதிலுக்குப் ‘பொருளாதாரப் போர்’ போனஸ் என்று தனியே ஒன்று கொடுத்தார்கள். சம்பளத்தில் சேராத போனஸ். அதனால் பணிக்கொடைக்கும் விடுமுறைச் சம்பளத்துக்கும் அது கணக்கில் வராது. முதலாளிகள் நம்மிடம் காட்டும் பழைய வித்தைதான். அதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்கத் தடை பொய் என்று சொல்ல நான் வரவில்லை. 2017 ஆகஸ்டில் கடன் வாங்கும் கதவை அடைத்தார்கள். 2019 ஜனவரியில் எண்ணெய் விற்கும் கதவையே அடைத்தார்கள். அந்த ஜனவரியில் நாளொன்றுக்கு 11 லட்சம் பீப்பாயாக இருந்த உற்பத்தி 2020 நடுவில் 4 லட்சத்துக்கும் கீழே போனது. இங்கிலாந்து வங்கியில் இருந்த தங்கத்தைக் கேட்டபோது கொடுக்கவில்லை. நோயாளியின் வாயிலிருந்து பிராணவாயுக் குழாயைப் பிடுங்குவது போன்ற கொடுமை இது. இதைக் கண்டித்து எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுவேன். ஆனால் தேதிகளைப் பாருங்கள். விலைவாசி எண்ணை மறைத்தது 2016-ல். நூறு பொலிவார் நோட்டைக் கொன்றது 2016-ல். பதினொரு கிலோ எடை குறைந்த வருடத்தில் பாதிக்கு மேல், நிதித் தடை வருவதற்கு முன்பே கழிந்துவிட்டது. டாலர் கொள்ளை அதற்கும் பல வருடம் முந்தையது. தடை வரும்போது நோயாளி ஏற்கெனவே படுக்கையில்தான் இருந்தார்.

இதைச் சொன்னால் வலதுசாரிகளுக்கு ஆயுதம் கொடுப்பதாகும் என்று ஒரு தோழர் என்னிடம் தனியாகச் சொன்னார். நம் சொந்த வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். புரட்சிக்குப் பின் சோவியத் ரூபிளும் இப்படித்தான் செத்தது. 1922-ல் தங்கத்தின் ஆதாரத்தில் செர்வோனெத்ஸ் நோட்டை வெளியிட்டார்கள். நிதி மக்கள் ஆணையர் சொகோல்னிகோவ் பட்ஜெட்டை இழுத்துப் பிடித்தார், அச்சடிப்பதை நிறுத்தினார், 1924-ல் பணம் நிலைப்பட்டது. போல்ஷெவிக்குகள் செய்தது அது. வியட்நாமில் 1985-ல் விலை, கூலி, நாணயம் மூன்றையும் ஒன்றாக மாற்றப்போய், மறுவருடம் பணவீக்கம் 700 விழுக்காட்டைத் தாண்டியது. 1986 டிசம்பரில் கூடிய ஆறாவது மாநாட்டில் கட்சி தன் தவறைத் தானே எழுதி ஒப்புக்கொண்டது, வழியை மாற்றியது. அமெரிக்கத் தடை அப்போது வியட்நாம் மேலும் இருந்தது. 1994 வரை இருந்தது. தடையைக் காரணம் காட்டி அவர்கள் கணக்கை மூடி வைக்கவில்லை.

வெனிசுவேலாவைவிட்டு வெளியேறியவர்கள் 77 லட்சத்துக்கு மேல். கூக்குத்தா பாலத்தின் வழியே கொலம்பியாவுக்குள் நடந்து, மலைச்சாலைகளில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாரக்கணக்கில் நடந்தவர்களை அங்கே ‘காமினாந்தேஸ்’ என்கிறார்கள், நடப்பவர்கள் என்று பொருள். நம்மைப் போலச் சாவேஸின் படத்தைச் சுவரில் ஒட்டிய குடும்பங்களும் அவர்களில் உண்டு.

தீர்மானத்தைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. அடுத்த மாவட்டக் குழுக் கூட்டத்தில் அதில் மூன்று பத்திகள் சேருங்கள் என்று கேட்கிறேன். டாலர் கொள்ளையில் போனது எங்கே என்று கேட்கும் ஒரு பத்தி. கூட்டுப்பேர ஒப்பந்தங்களையும் கூலியையும் மீட்டுத்தரச் சொல்லும் ஒரு பத்தி. விலைக் குறியீட்டெண்ணை மாதம் தவறாமல் வெளியிடச் சொல்லும் ஒரு பத்தி. வெனிசுவேலாவில் யார் ஆண்டாலும் இந்த மூன்றும் அங்குள்ள தொழிலாளிக்கு வேண்டியவை. வரைவு என்னிடம் கையெழுத்துப் பிரதியாக இருக்கிறது. கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன். கடைசி வரிசையில் உட்காராமல் முன்னால் வந்து வாசிக்க எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

தோழமையுடன்,
ஓய்வுபெற்ற ஒரு வங்கிக் காசாளர்
மதுரை